ரப்பர் முத்திரையும் பொருள் மாற்றமும்

முத்திரை என்பது நம் மொழியில் அதிகாரத்தைச் சுட்டும் சொல். அரச முத்திரை பதிந்த பின்னரே ஆணைக்கு வலிமை உண்டாயிற்று. அம்முத்திரை சாதாரண வணிகரின் மேசைக்கு வந்த வரலாற்றை அறிய, 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவை நோக்குதல் வேண்டும்.

உள்நாட்டுப் போரின் செலவை ஈடுகட்ட, 1862இல் அமெரிக்க அரசு வருவாய்ச் சட்டம் ஒன்றை இயற்றியது. காசோலை, ஒப்பந்தம் முதலிய ஆவணங்களில் வரி வில்லை ஒட்டி, அதன்மேல் பெயரின் முதலெழுத்துகளையும் தேதியையும் குறித்தல் கட்டாயமாயிற்று. ஆவணங்கள் மிகுந்த நிறுவனங்கள் பேனாவுக்கு மாற்றாக உலோகக் கைமுத்திரைகளை நாடின. ஆனால் உலோகம் நெகிழாதது. சமமற்ற பரப்பில் சீராகப் பதியாது.

தீர்வு பல் மருத்துவத்திலிருந்து கிடைத்தது. ரப்பருடன் கந்தகம் சேர்த்துச் சூடேற்றி உறுதிப்படுத்தும் முறைக்குச் சார்லஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்றிருந்தார். அம்முறையைக் கொண்டு பல் மருத்துவர்கள், சாந்து வார்ப்பில் ரப்பரை வைத்து, சிறு கலனில் சூடேற்றிச் செயற்கைப் பல்வரிசைக்கு அடித்தளம் செய்தனர். ஈறின் வடிவத்திற்குப் பதிலாக அச்செழுத்தின் வடிவத்தை வார்ப்பில் எடுத்தபோது ரப்பர் முத்திரை பிறந்தது. 1860களில் தோன்றிய இக்கண்டுபிடிப்பின் பெருமை பலருக்கு உரியதாகச் சொல்லப்படினும், நியூயார்க் மாநிலத்து ஆபர்ன் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் வுட்ரஃப்பின் பெயரே பெரிதும் குறிக்கப்படுகிறது. அக்கால ரப்பர் பெரும்பாலும் அமேசான் காடுகளில் கிடைத்தது. 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தது 1877இல்தான்.

அச்சகச் செலவைத் தாங்க இயலாத சிறு வணிகருக்கு இம்முத்திரை பெருந்துணையாயிற்று. கடித உறையின் மூலையில் முகவரியும், விலைப்பட்டியலில் ‘பணம் பெறப்பட்டது’ என்னும் தொடரும் ஒரே அழுத்தத்தில் பதிந்தன. வண்ணப்படம் அச்சிட்ட விளம்பர அட்டைகள் வெற்றிடம் விட்டு மொத்தமாக விற்கப்பட்டன. உள்ளூர்க் கடைக்காரர் அவ்விடத்தில் தம் பெயரைப் பதித்து வாடிக்கையாளருக்கு வழங்கினார்.

மொழி மாணவர் கருதத்தக்கது இதன் பின்விளைவே. கையால் எழுதுபவர் ஒவ்வொரு முறையும் சொல்லைத் தேர்ந்தாக வேண்டும். முத்திரையோ முன்னரே முடிந்த தொடரை மீண்டும் மீண்டும் பதிக்கும். எனவேதான் 20ஆம் நூற்றாண்டில், ஆராயாது இசைவளிப்பவரை ‘ரப்பர் முத்திரை’ எனக் குறிக்கும் வழக்கு ஆங்கிலத்தில் வேரூன்றித் தமிழுக்கும் வந்தது. அதிகாரத்தின் அடையாளமே அதிகாரமின்மையைச் சுட்டலாயிற்று.

முத்திரைத் தொடர்கள் அலுவலகத்தின் வேலையைக் குறைக்கும். ஆனால் மனப்பாடத் தொடர்களால் நிரம்பிய மாணவர் கட்டுரையில் மொழி இருக்கும், எழுதியவர் இருக்கமாட்டார்.