நெல்லை மிஷன் பணியின் உந்துவிசை: கிளாரிந்தா முதல் அசரியா வரை

திருநெல்வேலிச் சீமையில் சீர்திருத்தக் கிறிஸ்தவம் ஐரோப்பியச் சங்கம் எதனுடைய திட்டத்தாலும் தொடங்கவில்லை. அழைப்பு உள்ளூரிலிருந்தே எழுந்தது. பிராமண விதவையான கிளாரிந்தா 1778இல் பாளையங்கோட்டையில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். ஆங்கிலேய அதிகாரி ஒருவருடன் மணமின்றி வாழ்ந்த காலத்தில் அவர் அதைக் கேட்டபோது சுவார்ட்ஸ் மறுத்திருந்தார். ஆள் சேர்ப்பது மட்டுமே குறியாக இருந்திருந்தால், செல்வாக்குள்ள ஒரு பெண்ணை அவர் திருப்பி அனுப்பியிருக்க மாட்டார். கிளாரிந்தாவின் முயற்சியால் 1785இல் எழுந்த ஆலயத்தை மக்கள் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே அழைத்தனர். அந்தச் சபையைப் பேணியவர் சத்தியநாதன் என்னும் தமிழர். 1790இல் குருப்பட்டம் பெற்றவர்.

சுவார்ட்ஸை உருவாக்கியது ஜெர்மனியின் ஹாலே நகரப் பக்தி இயக்கம். ஒவ்வொருவரும் தாமே மனந்திரும்ப வேண்டும், வேதத்தைத் தம் மொழியில் தாமே வாசிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. கோயில் எழுந்த ஊரில் பள்ளியும் எழுந்ததற்கு வேர் இங்கே உள்ளது.

தேரிக்காட்டுப் பனையேறிகளிடம் இந்த நம்பிக்கை சென்றடைந்தபோது அதற்கு வேறொரு பரிமாணம் கிடைத்தது. நாடார் சமூகத்தவரான தாவீது சுந்தரானந்தம் போன்றோரின் உழைப்பால் மதம் மாறியவர்கள் அடி உதைக்கு ஆளாயினர். அவர்களுக்குப் புகலிடமாக 1799இல் முதலூர் உருவானது. 1820இல் பாளையங்கோட்டை வந்த மிஷனரி ரேனியஸ் இந்தப் புகலிடக் கிராம முறையை விரிவாக்கினார். பிரஷ்யப் பிரபு டோனாவின் நன்கொடையால் டோனாவூர் எழுந்தது. நிலம் வாங்கிக் குடியமர்த்தத் தருமச் சங்கமும் அமைந்தது. ஆங்கிலிக்கன் திருச்சபையின் முறைமைகளைக் கண்டித்து எழுதியதால் ரேனியஸ் 1835இல் தம்மை அனுப்பிய சர்ச் மிஷனரி சங்கத்திலிருந்து (சி.எம்.எஸ்.) விலக்கப்பட்டார். அனுப்பியவர்களின் நோக்கமும் அனுப்பப்பட்டவரின் நோக்கமும் எப்போதும் ஒன்றாக இருக்கவில்லை என்பதற்கு இது தெளிவான சான்று.

1841இன் இறுதியில் இடையன்குடி சேர்ந்த மிஷனரி கால்டுவெல், மக்கள் சபையில் சேரும் காரணங்களைப் பூசி மெழுகவில்லை. பாதுகாப்பு, வழக்குகளில் துணை, பிள்ளைகளின் படிப்பு ஆகியவை பலரை ஈர்த்ததை அவர் ஒப்புக்கொண்டார். கலப்பான எண்ணத்தோடு வந்தவருக்கும் போதனை காலப்போக்கில் உள்ளத்தைத் தெளிவாக்கும் என்பது அவர் வாதம். 1876–78 பஞ்சத்தின்போது ஆயிரக்கணக்கானோர் சேர்ந்ததும், அவர்களில் ஒரு பகுதியினர் பின்னர் விலகியதும் ஆன்மிகமே காரணம், உலகியல் ஆதாயமே காரணம் என்னும் இரண்டு தரப்பு வாதங்களுக்கும் இடம் தருகின்றன. உண்மையில் ஆன்மிகக் காரணம், உலகியல் காரணம் என்று இதைப் பிரிப்பதே பிழை. நிலக்கிழாரின் அடக்குமுறையில் வாழ்ந்தவனுக்கு, தன்னையும் இறைவன் பொருட்படுத்துகிறான் என்ற செய்தியும் மகனுக்குக் கிடைத்த எழுத்தறிவும் ஒரே விடுதலையாகவே வந்தன.

அன்போடு மேட்டிமையும் கலந்திருந்தது. அதை மறைப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. நாடார்களைத் தாழ்வாகச் சித்திரித்துக் கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நூல் அச்சமூகத்தை ஆழமாகப் புண்படுத்தியது. மிஷனில் உபதேசியாராக இருந்து விலகிய அருமைநாயகம் என்கிற சட்டம்பிள்ளை, 1857இல் பிரகாசபுரத்தில் ஐரோப்பியர் ஆளுகைக்கு உட்படாத தனிச் சபையை நிறுவினார். அவர் உதறியது கிறிஸ்துவை அல்ல, வெள்ளையரின் மேலாண்மையை.

அடுத்த அரை நூற்றாண்டில், பெற்றுக்கொண்டவர்கள் கொடுப்பவர்களாக மாறினர். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே. ச. அசரியா, 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் செலவில் தொண்டிக்கு ஊழியர்களை அனுப்புவதைக் கண்டார். அவர்களைவிடப் பெரிய நெல்லைச் சபைக்கு அத்தகைய பணி இல்லை என்பது அவரை உறுத்தியது. 1903 பிப்ரவரி 12இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. ஆளும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையதாகவே இருக்க வேண்டும் என்பது அதன் விதி. சமையலுக்கு எடுக்கும் அரிசியில் பெண்கள் ஒதுக்கும் பிடி அரிசி திருச்சபைப் பணிகளைத் தாங்கும் வழக்கமும் இச்சீமையில் வேரூன்றியிருந்தது. பேரரசின் பலமோ வெளிநாட்டு நிதியோ இல்லாமல், நிஜாம் ஆட்சிப் பகுதியின் தோர்ணக்கல்லுக்கு, தெலுங்கு பேசும் எளிய மக்களிடையே சங்கம் ஊழியர்களை அனுப்பியது. மிஷன் பணி காலனியாதிக்கத்தின் நிழல் மட்டுமே என்ற கருத்துக்கு இதைவிட வலுவான மறுப்பு நெல்லை வரலாற்றில் இல்லை.

1912இல் அசரியா தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவரே. அவர் தோற்றுவித்த சங்கம் பாளையங்கோட்டையைத் தலைமையிடமாகக் கொண்டு இன்றும் இயங்குகிறது.