எழுதி வைப்பதும் ஓர் அமானிதமே: ஜமாஅத் சேவையில் பதிவேடுகளின் அவசியம்

ரமலான் கடைசிப் பத்து வந்துவிட்டால் நம் பள்ளிவாசல் அலுவலக அறைகளில் அரிசி மூட்டைகளும் ஜகாத் உறைகளும் சேரத் தொடங்கும். எந்த வீட்டுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது பல மஹல்லாக்களில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். பல ஆண்டுகளாகத் தெருத்தெருவாக நடந்து பழகியவர் அவர். எந்த வீட்டில் விதவை இருக்கிறார், எந்தப் பிள்ளைக்குப் படிப்புச் செலவு, யார் வீட்டில் டயாலிசிஸ் நடக்கிறது என்ற அனைத்தும் அவர் மனதில் இருக்கும்.

அவர் திடீரென வஃபாத்தாகிவிட்டால் என்ன ஆகும்? அடுத்த ரமலானில் கேட்டு வருபவர்களுக்குக் கிடைத்துவிடும். கேட்பதற்குக் கூச்சப்பட்டு வீட்டுக்குள்ளேயே இருப்பவர்கள் விடுபட்டுப் போவார்கள். அல்பகரா அத்தியாயத்தின் 273ஆம் வசனம் நமக்கு அடையாளம் காட்டித் தருவது இப்படிப்பட்டவர்களைத்தான். அவர்களின் தன்மானத்தைக் கண்டு, விவரம் அறியாதவர்கள் அவர்களைச் செல்வந்தர்கள் என்றே எண்ணிவிடுவார்கள். பதிவேடு இல்லாத சேவையில் முதலில் பாதிக்கப்படுவதும் இவர்கள்தான்.

"அல்லாஹ்வுக்காகச் செய்கிறோம், இதற்கு எதற்குக் கணக்கு?" என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. மார்க்கம் காட்டும் வழி வேறு.

மார்க்கத்தில் எழுதி வைத்தல்

குர்ஆனின் மிக நீளமான வசனமான 2:282, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றிப் பேசுகிறது. தொகை சிறிதோ பெரிதோ, தவணையுடன் எழுதிக்கொள்ளச் சலிப்படையக் கூடாது, எழுதுபவர் நீதியுடன் எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும் என்று அது கற்றுத்தருகிறது. இருவருக்கு இடையிலான கடனுக்கே இவ்வளவு கவனம் என்றால், ஏழைகளின் உரிமையான ஜகாத்துக்கு எவ்வளவு கவனம் தேவை?

இஸ்லாத்தை ஏற்றவர்களின் பெயர்களை எழுதித் தருமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததாகவும், 1500 ஆண்களின் பெயர்களை எழுதியதாகவும் ஹுதைஃபா (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. பனூ சுலைம் கூட்டத்தாரிடம் ஜகாத் வசூலிக்கச் சென்ற இப்னுல் லுத்பிய்யா திரும்பி வந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அவரிடம் கணக்குக் கேட்டார்கள். ஒரு பகுதியைத் தனக்குக் கிடைத்த அன்பளிப்பு என்று அவர் சொன்னதை வன்மையாகக் கண்டித்தார்கள். எனவே பொறுப்பாளரிடம் கணக்குக் கேட்பதை அவர் மீதான சந்தேகமாகக் கருத வேண்டியதில்லை. அது சுன்னத்தான நடைமுறை.

உமர் (ரலி) தம் ஆட்சியில் 'திவான்' என்னும் பதிவேட்டை ஏற்படுத்தி, மக்களுக்கான உதவித்தொகையைப் பெயர் வாரியாக வழங்கினார்கள். ஒரு பத்திரத்தில் 'ஷஅபான்' என்று மட்டும் இருந்ததால் அது எந்த ஆண்டின் ஷஅபான் என்ற குழப்பம் எழுந்ததும், ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கு தொடங்க ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. தேதியில்லாத குறிப்பு பிற்காலத்தில் பயன்படாது என்பதை அன்றே உணர்ந்திருந்தார்கள்.

எவற்றைப் பதிய வேண்டும்?

வரவு: வரிசை எண்ணிட்ட ரசீது, தேதி, தொகை ஆகியவற்றுடன் பணத்தின் வகையையும் எழுத வேண்டும். ஜகாத்துக்கு 9:60 வசனம் கூறும் எட்டு வகையினர் மட்டுமே உரியவர்கள். ஃபித்ராவைப் பெருநாள் தொழுகைக்கு முன்பே சேர்ப்பித்துவிட வேண்டும். பொதுவான ஸதகாவைப் பள்ளிவாசல் பராமரிப்புக்கும் செலவிடலாம். மூன்றும் ஒரே பெட்டியில் கலந்துவிட்டால் கொடுத்தவரின் நிய்யத்தை நம்மால் நிறைவேற்ற முடியாது.

உதவி: குடும்பத்தின் நிலை, கொடுத்த தேதி, தொகை, அடுத்து எப்போது போய்ப் பார்க்க வேண்டும் என்பவற்றைக் குறித்துக்கொள்ளலாம். ஒரு சகோதரி ஒவ்வோர் ஆண்டும் புதிய நிர்வாகிகளிடம் தன் கஷ்டத்தை முதலிலிருந்து சொல்லி அழ வேண்டிய நிலை இதனால் நீங்கும்.

நிக்காஹ்: தஃப்தரில் இருக்கும் பெயர், ஆதார் அட்டையில் உள்ள எழுத்துகளுடன் ஒத்துப்போக வேண்டும். மஹர் தொகையும் தெளிவாக இருக்க வேண்டும். பின்னாளில் மஹர் பாக்கி, வாரிசுரிமை, விசா என்று எது வந்தாலும் முதலில் தேடப்படுவது இந்தப் பக்கம்தான். தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுப் பதிவும் கட்டாயம் என்பதை அப்போதே நினைவூட்டலாம்.

ஜனாஸா: இறந்தவரின் பெயர், தேதி, கபர் இருக்கும் இடம் ஆகியவற்றை எழுத வேண்டும். இந்தியாவில் இறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். துக்கத்தில் இருக்கும் குடும்பம் இதை மறந்துவிடக்கூடும்.

வக்ஃபு: வக்ஃபு செய்தவர் விதித்த நிபந்தனை, பத்திர நகல், சர்வே எண், வாடகைதாரர் விவரம் ஆகியவற்றைப் பாதுகாக்க வேண்டும். காகிதம் இல்லாத சொத்துக்காக நீதிமன்றத்தில் வாதாடுவது மிகக் கடினம்.

மானம் காக்கும் பதிவேடு

தர்மத்தை மறைத்துக் கொடுப்பது சிறந்தது என்கிறது 2:271. அப்படியானால் பெயரை எழுதலாமா? எழுதலாம். ஆனால் யார் கண்ணில் படுகிறது என்பதில் கவனம் தேவை. உதவி பெறுவோரின் பெயர்ப் பட்டியலை இரண்டு பொறுப்பாளர்கள் மட்டும் பூட்டி வைத்துக்கொள்ளட்டும். கணக்குப் புத்தகத்தில் குடும்ப எண் மட்டும் போதும். ஜமாஅத்தின் பார்வைக்கு மொத்த வரவு செலவை மட்டும் வைக்கலாம். உதவி பெறுபவரின் படத்தையோ பெயரையோ வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்வதை அறவே நிறுத்திவிடலாம்.

பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. தைத்த நோட்டு ஒன்று, எழுதும் பழக்கமுள்ள இளைஞர் ஒருவர், மாதம் ஒருமுறை அதைச் சரிபார்க்கும் இன்னொருவர் இருந்தால் போதும். வெளியில் எடுத்துச் செல்லாத ஒரு நகலும் இருக்கட்டும். நம் மஹல்லாவில் எல்லாவற்றையும் மனதில் வைத்திருக்கும் அந்தப் பெரியவரிடம் இந்த வாரமே போய் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வோம். அவரது பல்லாண்டு உழைப்பு அவருக்குப் பின்னும் தொடர்வதற்கு அதுவே வழி.

நம் செயல்கள் எழுதப்பட்டுக் கொண்டிருக்கின்றன என்று ஈமான் கொண்டவர்கள் நாம். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தையும் ஒழுங்காக எழுதி வைக்க அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் தருவானாக. ஆமீன்.