மங்காத படமும் மங்கும் தாளும்

புகைப்படக் கலை பிறந்த சில ஆண்டுகளிலேயே அதன் பெருங்குறை வெளிப்பட்டது. வெள்ளி உப்பைக் கொண்டு தாளில் அச்சிட்ட படங்கள் பழுப்பேறி மங்கின. பிள்ளையின் முகத்தைப் பாதுகாக்க எடுத்த படத்திலேயே அந்த முகம் மறைந்துபோனால் பெற்றோர் மனம் என்ன பாடுபடும்? 1855ஆம் ஆண்டு லண்டன் புகைப்படச் சங்கம் இதனை ஆராயத் தனிக்குழு அமைத்தது. சரிவரக் கழுவப்படாத ரசாயனமும் காற்றிலுள்ள கந்தகமும் வெள்ளியைக் கெடுக்கின்றன என்பது தெரிய வந்தது.

இதற்கு வழி கண்டவர் வில்லியம் வில்லிஸ் என்ற ஆங்கிலேயர். 1873இல் பிளாட்டினம் அச்சு முறைக்கு அவர் காப்புரிமை பெற்றார். இரும்பு உப்பும் பிளாட்டினம் உப்பும் பூசிய தாளில் ஒளி படும்போது இரும்பு உப்பு மாற்றமடைகிறது. பிறகு கரைசலில் இட்டால், அது பிளாட்டினத்தை உலோகமாகப் பிரித்துத் தாளின் நாரிலேயே படியவைக்கிறது. அந்த உலோகத்தைக் கந்தகக் காற்று எளிதில் தீண்டாது.

பிரடெரிக் எவன்ஸ் 1903இல் வெல்ஸ் தேவாலயத்தின் படிக்கட்டுகளைக் கடலலைபோல் காட்டிய புகழ்பெற்ற படம் பிளாட்டினத்தில் அச்சானதே. ஆனால், 1914இல் முதல் உலகப் போர் மூண்டது. வெடிமருந்துக்கான அமிலத் தயாரிப்புக்குப் பிளாட்டினம் தேவைப்பட்டது. விலை எகிறியது, தாள் அரிதானது. வில்லிஸ் மாற்றாகப் பல்லேடியம் தாளைக் கொண்டுவந்தார். எவன்ஸோ புகைப்படத் தொழிலையே கைவிட்டார். 1960களில் அமெரிக்கரான இர்விங் பென் போன்றோர் தாங்களே தாளில் ரசாயனம் பூசி இம்முறைக்கு மறுவாழ்வு தந்தனர்.

அப்படியானால் இப்படங்களுக்கு அழிவே இல்லையா? உலோகம் நிலைத்தாலும் தாள் நிலைப்பதில்லை என்பதே உண்மை. பிளாட்டினம் ஒரு வினையூக்கி. காற்றிலுள்ள கந்தக வாயு அதன் அருகே அமிலமாக மாறித் தாளை நொறுங்கச் செய்கிறது. படத்தோடு ஒட்டிக் கிடக்கும் மற்றொரு தாளிலும் அதன் சாயல் பழுப்பாகப் பதிந்துவிடுகிறது. கழுவாமல் எஞ்சிய இரும்பும் தாளை மஞ்சளாக்கும்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள் நம் பெரியோர். பிளாட்டினம் படத்துக்குத் தாளே சுவர். நல்ல பருத்தித் தாளில் அச்சிட்டு, நன்றாகக் கழுவி, தூய காற்றில், அமிலமற்ற உறையில் வைத்தால் அது தலைமுறைகளைக் கடந்து நிற்கும். விலையுயர்ந்த உலோகம் பாதிதான். மீதி, அதைக் காக்கும் மனிதர்களின் அக்கறையில் இருக்கிறது.