மதியம் 2 மணிக்கு கண்ணைக் கட்டுதா? கல்லூரி மாணவர்களுக்கு குட்டித் தூக்கம் ஏன் தேவை?

லஞ்ச் முடிஞ்சு முதல் பீரியட். மேலே ஃபேன் சுத்துது. முன்னாடி பேராசிரியர் பேசிக்கிட்டே இருக்காரு. நோட்டில் பேனா தன் பாட்டுக்கு ஒரு கோடு இழுத்துக்கிட்டு போகுது. கல்லூரிக்குப் போன யாருக்கும் இந்தக் காட்சி புதுசில்லை. 'தூங்குமூஞ்சி' என்ற பெயரும், கிளாஸை விட்டு வெளியே நிற்கும் தண்டனையும் வாங்கித் தரும் இந்தத் தூக்கத்தை சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. அதற்கு உடலில் தெளிவான காரணம் இருக்கிறது.

உண்ட மயக்கம் மட்டும்தானா?

'உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு' என்பார்கள். அது பாதிதான் சரி. வயிறு முட்ட சாப்பிட்டால் மயக்கம் கூடும் என்பது உண்மை. ஆனால் சாப்பிடாமலே இருந்தாலும், மதியம் 1 மணியிலிருந்து 3 மணி வாக்கில் உடல் தளரத்தான் செய்யும். உடலுக்குள் ஓடும் 24 மணி நேர கடிகாரத்தில் விழிப்பு இரண்டு முறை இறங்கும். நள்ளிரவுக்குப் பிறகு பெரிய இறக்கம், மதியத்தில் சின்ன இறக்கம்.

இதோடு அடினோசின் என்ற வேதிப்பொருளும் சேர்ந்துகொள்கிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் இது மூளையில் கொஞ்சம் கொஞ்சமாக சேரும், தூங்கினால்தான் குறையும். முந்தைய இரவு சரியாகத் தூங்காதவருக்கு மதியத்தின் சின்ன இறக்கமே பெரிய பள்ளமாகிவிடும்.

மாணவர்களுக்கு இன்னொரு சிக்கல், வயசு. டீன் ஏஜில் உடல் கடிகாரம் தாமதமாக ஓட ஆரம்பிக்கும். 20 வயதை ஒட்டித்தான் அது மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பும். அதனால்தான் 18, 19 வயதுப் பிள்ளைகளுக்கு இரவு 10 மணிக்குப் படுத்தாலும் தூக்கம் வருவதில்லை. செல்போன் அதை இன்னும் தள்ளிப்போடுகிறது. ஆனால் காலேஜ் பஸ் காத்திருக்காதே! இரவு 1 மணிக்குத் தூங்கி, 6 மணிக்கு எழுந்து ஓடினால் கிடைப்பது 5 மணி நேரம்தான். இந்த வயதினருக்குப் பரிந்துரைக்கப்படுவதோ 7 முதல் 9 மணி நேரம்.

விமானிகள் தூங்கிப் பார்த்த 26 நிமிடம்

குட்டித் தூக்கம் பற்றி பேசும்போதெல்லாம் அடிபடும் பெயர் நாசா. நீண்ட தூர விமானங்களை ஓட்டும் விமானிகளிடம் 1990-களில் வெளிவந்த ஆய்வு அது. பறக்கும்போதே, சக விமானிகள் பார்த்துக்கொள்ள, இருக்கையில் முறைவைத்து 40 நிமிடம் ஓய்வெடுக்க அனுமதித்தார்கள். அவர்கள் சராசரியாகத் தூங்கியது சுமார் 26 நிமிடம். அதிலேயே செயல்திறன் 34 சதவீதமும், விழிப்புநிலை 54 சதவீதமும் மேம்பட்டதாகக் கண்டறியப்பட்டது.

மாணவர்களுக்கு நெருக்கமான ஆய்வு 2003-இல் வந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கண்ணால் பார்த்துக் கற்கும் ஒரு பயிற்சியைக் கொடுத்துவிட்டு, சிலரைப் பகலில் 60 முதல் 90 நிமிடம் தூங்க வைத்தார்கள். அதில் ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் இரண்டும் கிடைத்தவர்கள், ஓர் இரவு முழுக்கத் தூங்கியவர்களுக்கு இணையாக முன்னேற்றம் காட்டினார்கள். படித்ததை மூளை அடுக்கிவைப்பது தூக்கத்தில்தான். செமஸ்டர் நேரத்தில் 'தூங்கினா போர்ஷன் முடியாது' என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

20 நிமிடமா, ஒன்றரை மணி நேரமா?

அலாரம் வைத்து 20 நிமிடம் தூங்கினால் லேசான தூக்கத்திலேயே எழுந்துவிடலாம். முகம் கழுவினால் போதும், அடுத்த கிளாஸுக்கு ரெடி. 45 நிமிடம், ஒரு மணி நேரம் என்று போனால், ஆழ்ந்த தூக்கத்தின் நடுவே அலாரம் அடிக்கும். எழுந்ததும் தலை கனக்கும்; இது காலையா, சாயங்காலமா என்றே புரியாது. இந்த மந்தநிலை போக அரை மணி நேரம் வரை ஆகலாம். நேரம் இருந்தால் ஒன்றரை மணி நேரம் தூங்குவது இதற்கு மேல், காரணம் ஒரு தூக்கச் சுழற்சி ஏறக்குறைய அவ்வளவு நேரம். ஆனால் அது லீவு நாள் சொகுசு.

அந்த சொகுசையும் குறைத்துச் சொல்ல வேண்டாம். சனிக்கிழமை மதியம், ஹாஸ்டல் ரூமில் ஜன்னலைச் சாத்தி, ஈரத் துண்டைக் கொடியில் போட்டு, ஃபேனை ஃபுல்லில் வைத்துப் படுக்கும் தூக்கத்துக்கு ஈடு எது? டே ஸ்காலருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. டெஸ்க்கில் கை மடித்து, அதில் தலை சாய்ப்பதுதான் அவருக்கு வாய்த்த படுக்கை.

லைப்ரரியில் கட்டில்

சில பல்கலைக்கழகங்கள் இதைப் புரிந்துகொண்டிருக்கின்றன. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 2014-இல் தன் நூலகத்திலேயே மாணவர்கள் கண் அசர சிறு கட்டில்களும் தலையணைகளும் போட்டது. சீனாவில் மதிய ஓய்வு கல்லூரி வாழ்க்கையின் ஒரு பகுதி. பல பல்கலைக்கழகங்களின் நீண்ட மதிய இடைவேளையில் மாணவர்கள் விடுதிக்குப் போய்த் தூங்கிவிட்டு வருவது அங்கே சாதாரணம். நம் ஊரில் பல கல்லூரிகளின் லஞ்ச் பிரேக்கில் கேண்டீன் க்யூவைத் தாண்டுவதற்கே நேரம் சரியாக இருக்கிறது.

காபி குடித்துவிட்டுத் தூங்கலாமா?

கேட்க வேடிக்கையாக இருந்தாலும், பலன் தரும் என்கிறது பிரிட்டனின் லஃபரோ பல்கலைக்கழகம் 1997-இல் வெளியிட்ட ஆய்வு. காபியில் உள்ள கஃபைன் வேலை செய்ய 20, 30 நிமிடம் பிடிக்கும். குடித்த கையோடு 15 நிமிடம் படுத்தால், எழும் நேரத்தில் இரண்டின் பலனும் சேர்ந்து கிடைக்கும். தூக்கக் கலக்கத்தோடு சிமுலேட்டரில் வண்டி ஓட்டியவர்களின் தவறுகள் இந்த முறையில் நன்றாகவே குறைந்தன. நைட் அவுட் போட்டு எக்ஸாம் எழுதிவிட்டு, அப்படியே பைக்கை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. கண் சொக்கும்போது வண்டியை எடுக்காமல், கால் மணி நேரம் தூங்கிவிட்டுக் கிளம்புவதே பாதுகாப்பு.

யாருக்கு வேண்டாம்?

சாயங்காலம் 4 மணிக்கு மேல் தூங்கினால் ராத்திரி தூக்கம் கெடும். மறுநாள் மதியம் இன்னும் மோசமாகும். ஏற்கெனவே இரவில் தூக்கம் வராமல் தவிப்பவர்கள் பகல் தூக்கத்தைத் தவிர்ப்பது நல்லது. இரவு 8 மணி நேரம் தூங்கியும் தினமும் பகலில் அடக்க முடியாத தூக்கம் வந்தால், அல்லது பலத்த குறட்டையும் காலையில் தலைவலியும் இருந்தால், அது குட்டித் தூக்கத்தில் தீரும் பிரச்னை இல்லை. மூச்சுத்திணறல், ரத்தசோகை, தைராய்டு, மன அழுத்தம் என எதுவாகவும் இருக்கலாம். டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.