துயிலின்மையும் பரிகாரமும்: ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலைக்கு வடக்கே கடலோரமாய் அமைந்த திரியாய், குன்றின் மீதுள்ள வட்டதாகையாலும், பல்லவ கிரந்த எழுத்திலமைந்த ஏறத்தாழ 8ஆம் நூற்றாண்டு வடமொழிச் சாசனத்தாலும் வரலாற்று மாணவர் நன்கறிந்த ஊராகும். ஆயின் கல்லில் எழுதப்படாத வரலாறும் அவ்வூருக்கு உண்டு. 1985இலும் 1990இலும் அம்மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். போர் தணிந்த காலங்களிற் சிறிது சிறிதாகவே திரும்பினர். அத்தகைய ஊர்களில் இரவு முழுதும் செவியைத் தீட்டி விழித்திருத்தல் அன்று நோயன்று, காவலே. பரணிலிருந்து யானைக்கு வயல் காப்பவனின் விழிப்பை யாரும் பிணி என்னார். காவலுக்குரிய காலம் கழிந்த பின்னும் கண் மூடாதிருப்பதே பிணி. அதற்குக் குளிசை பரிகாரமா, பயிற்சி பரிகாரமா என்பதை வரலாற்று வழியில் நோக்குவாம்.

1903இல் ஜேர்மனியரான எமில் பிஷரும் யோசெப் வொன் மெரிங்கும் பார்பிற்றலின் துயிலூட்டும் ஆற்றலை வெளியிட்டனர். வெரோனல் என்ற பெயரில் விற்பனையான அது பலருக்கு உறக்கத்தையும், அளவு மீறிய சிலருக்கு மரணத்தையும் தந்தது. 1957இல் மேற்கு ஜேர்மனியிற் பாதுகாப்பானதெனப் பரப்பப்பட்ட தலிடோமைட்டைக் கருவுற்ற தாய்மார் உட்கொண்டமையால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் அங்கக் குறைவுடன் பிறந்தன; 1961இல் அது மீளப்பெறப்பட்டது. 1960களில் வந்த டயசெப்பாம், நைத்திரசெப்பாம் முதலியன முன்னையவற்றிலும் ஆபத்துக் குறைந்தவையே. எனினும் நாளடைவில் உடல் அவற்றுக்குப் பழகிவிடுவதும், திடீரென நிறுத்தின் துயிலின்மை மிகுவதும் தெளிவாயின. 1988இற் பிரித்தானிய மருந்துப் பாதுகாப்புக் குழு, அவற்றை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் வழங்கலாகாதென அறிவுறுத்தியது.

மற்றைய வழி ஆரவாரமின்றி வளர்ந்தது. எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் தசைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தும் முறையை நூலாக்கினார். 1972இல் ரிச்சார்ட் பூட்சின் வகுத்த விதிகள் எளியன: தூக்கம் வரும்போதே பாயை நாடுக, வராவிடின் எழுந்து செல்க, நாள்தோறும் ஒரே வேளையில் விழித்தெழுக, பகலில் உறங்காதிருக்க. 1987இல் ஆர்தர் ஸ்பில்மன், உண்மையில் உறங்கும் நேரத்தளவே படுக்கையிற் கழித்து, உறக்கம் நிலைத்தபின் அந்நேரத்தைப் படிப்படியாகக் கூட்டும் முறையை விளக்கினார். துயிலின்மையைத் தொடக்கிய காரணம் வேறு, அதனை நீடிக்கச் செய்யும் பழக்கம் வேறு என்பது அவர் தந்த தெளிவு. போர்க்கால விழிப்பு போருக்குப் பின்னும் தொடர்வதை இதனால் விளங்கிக்கொள்ளலாம்.

1999இல் சார்ள்ஸ் மோரின் முதலானோர் முதியோர் 78 பேரிடம் இரு வழிகளையும் ஒப்பிட்டனர். இரண்டுமே தொடக்கத்திற் பயன் தந்தன. ஆயின் பயிற்சியின் பயனே பின்னரும் நிலைத்தது. கைந்நூலைக் கொண்டு தாமே பயின்றோரும் நலமடைந்தமை அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்விற் காணப்பட்டது. 2016இல் அமெரிக்க வைத்தியர் கல்லூரி, நாட்பட்ட துயிலின்மைக்குப் பயிற்சிவழிச் சிகிச்சையையே முதற்கண் பரிந்துரைத்தது.

இவ்வழி எமக்குப் புதிதன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரால் உளம் நைந்தோருக்கு மூச்சுப்பயிற்சி, செபம் போன்ற மரபு முறைகளைச் சிகிச்சையாகப் பயன்படுத்தினார். வள்ளுவரும் மருந்து அதிகாரத்திற் பெரும்பகுதியை உண்ணும் அளவு, நெறி என்பவற்றுக்கே ஒதுக்கினார்.

எனினும் பயிற்சியையும் அளவறிந்தே போற்றவேண்டும். படுக்கை நேரத்தைக் குறைத்தல் தொடக்கத்திற் பகற்சோர்வு தரும். வாகனம் ஓட்டுவோர் எச்சரிக்கையாதல் வேண்டும். நெடுநாட் குளிசை உண்போர் வைத்தியரைக் கேளாது அதனை நிறுத்தலாகாது. அனைத்திலும் மேலாக, அச்சம் மெய்யாகவே நிலவும் ஊரில் எப்பயிற்சியும் முழுப்பயன் தராது. ஆங்கு முதன்மருந்து அமைதியே. அமைதி வந்த ஊரில், எஞ்சிய விழிப்பை நீக்கும் அறிவை எளிய தமிழில் வீடுதோறும் சேர்ப்பது கற்றோர் கடனாகும்.