மாட்டு வண்டியில வந்த புத்தகம்

நாற்று விட்டாச்சு. மேட்டூர் தண்ணிக்குக் காத்திருக்கிற நேரம். சும்மா இருக்கிறப்போ ஒரு பழைய கதையைச் சொல்லிடலாம்னு உட்கார்ந்தேன்.

எங்க மன்னார்குடிப் பக்கம் மேலவாசல்னு ஓர் ஊர் இருக்கு. 1931 அக்டோபர் 21 அன்னிக்கு அங்கே ஒரு மாட்டு வண்டி ஊர் ஊராகப் போகத் தயாராக நின்னுச்சு. வண்டியில நெல் மூட்டை இல்லை, புத்தகம். கனகசபைப் பிள்ளை உருவாக்கிய அந்த நடமாடும் நூலகத்தைத் தொடங்கி வைத்தவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். அவரும் காவிரிப் பக்கத்து ஆள்தான், சீர்காழியில் பிறந்தவர்.

அன்னிக்கு இந்தியாவில் நூத்துக்குப் பத்துப் பேருக்குக்கூட எழுதப் படிக்கத் தெரியாது. அப்புறம் எதுக்குங்க கிராமத்துக்கு வண்டி வண்டியா புத்தகம்னு கேட்கத் தோணும். நம்ம ஊர்ல படிப்புங்கிறது தனியா உட்கார்ந்து செய்யிற காரியமா இருந்ததில்லை. ஒருத்தர் படிப்பார், பத்துப் பேர் கேட்பாங்க. விக்கிரமாதித்தன் கதை, நல்லதங்காள் கதை எல்லாம் 'பெரிய எழுத்து'ப் புத்தகமா வந்தது, மங்கலான விளக்கு வெளிச்சத்திலும் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிக்கத் தோதா இருந்தது. படிக்கத் தெரியாதவங்களுக்கும் கதை முழுசா தெரியும்.

1942-ல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி, பேச்சுக்கு நெருக்கமான எளிய தமிழில் வந்தது. டீக்கடைக்கு ஒரு பேப்பர் வந்தால் போதும், தெருவே செய்தி கேட்டுடும். 1948-ல் சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. இன்னிக்கும் வீட்டு வரியோடு நூலக வரி கட்டுறோம். ஆனா எங்க ஊர் நூலகத்துப் பெஞ்சுல இப்போ உட்கார ஆள் இல்லை.

நானும் யோக்கியன் இல்லீங்க. எனக்கு ஒரு சித்தப்பா உண்டு, எழுபதைத் தாண்டியவர், பள்ளிக்கூடம் போகாதவர். ரொம்ப வருசமா டீக்கடையில் அவருக்குப் பேப்பர் படிச்சவன் நான்தான். மேட்டூர்ல எத்தனை அடி, வரத்து எவ்வளவுன்னு முதல்ல கேட்பார். அதைச் சொன்னதும் 1960-கள்ல ஓடின தண்ணி, விதைச்ச நெல், வெட்டின வாய்க்கால்னு ஆரம்பிச்சுடுவார். நான் ஒரு வரி படிச்சா அவர் பத்து வரி சொல்வார். எங்க வயல் வரப்புக் கதை எனக்குத் தெரிஞ்சது அப்படித்தான்.

கையில் போன் வந்தது. போன மாசம் ஒருநாள், "என்னப்பா சேதி?"ன்னு கேட்டார். நான் ஏதோ வீடியோ பார்த்துக்கிட்டு, தலையை நிமிராம, "ஒண்ணுமில்ல சித்தப்பா"ன்னுட்டேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டார். மறுநாளும் வந்தார், ஆனா கேட்கலை. அதுதாங்க குத்துச்சு.

செய்தி இப்போ முன்னைவிட அதிகமாத்தான் வருது, அணை மட்டம் நிமிசத்துக்கு நிமிசம் தெரியுது. ஆனா அதைப் பக்கத்துல இருக்கிறவருக்குப் படிச்சுச் சொல்ற வேலை நம்ம கையை விட்டுப் போச்சு. படிக்கத் தெரியாதவர் அன்னிக்குக் கூட்டத்துல ஒருத்தரா இருந்தார், இன்னிக்குத் தனி ஆளாயிட்டார்.

இப்போ காலையில பத்து நிமிசம் போனைச் சட்டைப்பையில் போட்டுட்டு அவருக்குப் பேப்பர் படிக்கிறேன். நேத்து பழையபடி, "மேட்டூர்ல எத்தனை அடி?"ன்னு கேட்டார்.

நீங்க அடுத்த முறை ஊருக்குப் போறப்போ, உங்க தாத்தாவுக்கோ பாட்டிக்கோ ஒரு பக்கம் படிச்சுக் காட்டுங்க. அவங்க திருப்பிச் சொல்றதையும் கேட்டுட்டு வாங்க.