பிரதிகளும் ஒருமைப்பாடும்: பரம்பிய தரவுத்தளங்களின் வரலாறு

ஒரு நூலுக்கு ஒரே ஏடு இருப்பின் அது செல்லரித்தவிடத்து நூலும் அழியும். ஏடுகள் பலவாயின் நூல் பிழைக்கும், ஆயின் ஏட்டுக்கேடு பாடபேதந் தோன்றும். இவ்விரு இடர்ப்பாடுகளும் கணினியிற் சேமிக்கப்படும் தரவுகளுக்கும் உரியன. வங்கிக் கணக்கொன்றின் இருப்பு ஒரே கணினியில் இருப்பின், அது பழுதுற்றபோது கணக்கை அறிய வழியில்லை. மூன்று கணினிகளில் இருப்பின், அவற்றுள் எது கூறுவது மெய் என்ற வினா எழும். பரம்பிய தரவுத்தளங்களின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறே எனலாம்.

எளிய முறை தலைமைப் பிரதி ஒன்றை வகுத்தலாம். எழுதும் வேண்டுகோள்கள் யாவும் தலைமைக்கே செலுத்தப்படும்; அது அவற்றை ஏனைய பிரதிகளுக்கு அனுப்பும்; படிப்போர் அண்மையிலுள்ள எப்பிரதியையும் நாடலாம். இதன் குறைபாடுகள் இரண்டு. மாற்றம் சென்று சேருமுன் படிப்பவர் பழைய செய்தியையே பெறுவர். தலைமை மறுமொழி தராதபோது அது பழுதுற்றதோ, இடையிலுள்ள தொடர்பு மட்டும் அறுந்ததோ எனத் துணிதல் அரிது. அவசரப்பட்டு வேறு தலைமையை நியமிப்பின் ஒரே காலத்தில் இரு தலைமைகள் ஆட்சி செய்யும்.

இவ்விடர்ப்பாட்டை நீக்கும் வழியொன்று 1979 ஆம் ஆண்டில் வெளிவந்தது. றொபேட் தோமஸ் பெரும்பான்மை இசைவு முறையை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே டேவிட் கிபோட் பிரதிகளுக்கு வாக்குரிமை வழங்கும் முறையை வகுத்தார். பிரதிகள் மூன்றாயின் இரண்டில் எழுதுக, இரண்டிற் படிக்க என்பது இதன் சாரம். எவ்விரண்டைத் தேர்ந்தாலும் ஒன்றேனும் பொதுவாக அமையுமாதலின், புதிய செய்தி படிப்போருக்குத் தப்பாது. பிரதி தாங்கும் பதிப்பெண்ணே புதியது எது எனக் காட்டும். ஒரு கணினி வீழினும் பணி தடைப்படாது. லெஸ்லி லாம்போட் 1998 இல் வெளியிட்ட பக்சோஸ் என்னும் முறையும் இப்பெரும்பான்மைத் தத்துவத்தின்மேல் எழுந்ததே. கிரேக்கத் தீவொன்றின் பண்டைச் சட்டசபை பற்றிய கற்பனைக் கதையாக அவர் அதனை எழுதினமையால், பலர் அதன் பயனை உடனே உணர்ந்திலர்.

தரவுகள் பெருகியபோது எப்பொருள் எக்கணினியில் உளது என்பதும் வினாவாயிற்று. 1997 இல் டேவிட் காகர் முதலியோர் கணினிகளை ஒரு வளையத்தில் நிறுத்தும் முறையை வகுத்தனர். பொருளின் பெயரிலிருந்து கணித்துப் பெறும் எண் வளையத்தில் ஓரிடத்தைக் காட்டும். அங்கிருந்து வலமாகச் சென்றால் முதலில் எதிர்ப்படும் கணினியே அதற்குரியது. புதிய கணினியொன்று சேரின், அயலிலுள்ள பொருள்கள் மட்டுமே இடம்பெயரும்.

2000 ஆம் ஆண்டில் எரிக் புறூவர் ஓர் எல்லையைச் சுட்டினார்: தொடர்பு அறுந்து கணினிகள் பிரிவுற்றபோது ஒருமைப்பாடு, இடையறாத சேவை ஆகிய இரண்டையும் ஒருங்கே பெறல் இயலாது. சேத் கில்பேட்டும் நான்சி லிஞ்சும் 2002 இல் இதனை நிறுவினர். அமேசன் நிறுவனத்தார் 2007 இல் விளக்கிய டைனமோ, சேவையைத் தெரிந்தது. மேற்கூறிய வளையத்தைத் தழுவிய அது, அடுத்தடுத்த கணினிகளிற் பிரதிகளை வைத்தது. கொள்வோர் கூடையில் இடும் பொருள் மறுக்கப்படாது. முரண்பட்ட பிரதிகள் பின்னர் இணைக்கப்படும். அவ்விணைப்பில், நீக்கிய பொருள் கூடையில் மீண்டும் தோன்றுதலும் உண்டு. கூகிள் நிறுவனத்தார் 2012 இல் விளக்கிய ஸ்பானர், ஒருமைப்பாட்டைத் தெரிந்தது. பக்சோசுடன் அணுக்கடிகாரங்களையும் செய்மதிகள் காட்டும் நேரத்தையும் துணைக்கொண்ட அது, கடிகார ஐயம் நீங்கும்வரை சில மில்லிசெக்கன் தாமதித்தே எழுதியதை உறுதிசெய்யும்.

கூடையில் வேண்டாப் பொருளொன்று தோன்றின் கொள்வோர் அதனை அகற்றுவர். கணக்கில் இல்லாப் பணம் தோன்றின் வங்கி அதனைப் பொறாது. ஆதலின் எம்முறை சிறந்தது என வினவுமுன், எப்பிழை பொறுக்கத்தக்கது என வினவுதல் வேண்டும். பிரதிகளைப் பெருக்குதல் எளிது. அவை ஒருசொற்பட உரைத்தற்குரிய விலையைத் தாமதமாகச் செலுத்துவதா, பிழையாகச் செலுத்துவதா என்பதே இத்துறையார் அன்றுதொட்டு ஆராய்ந்துவரும் பொருள் என்க.